அழிக்காத பலகை

விசாலாட்சியை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது திண்டிவனம் பஸ் நிலையத்தில், விழுப்புரம் பஸ்ஸின் ஜன்னல் வழியாக. இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம், மாசி மாதம், காலை வேளை. என் மடியில் மூன்றடி நீளக் கரும்பலகை ஒன்று குறுக்கே கிடந்தது. அவளுடைய பழைய கத்திரிப்பூ நிறப் புடவையில் அதைச் சுற்றிக் கொடுத்திருந்தாள். பக்கத்து ஸீட்டுக்காரர் அது ஏதோ சாமி படம் என்று நினைத்துக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க, அழியாம பாத்துக்குங்க. தூங்கி வழிஞ்சி அது மேலயே சாஞ்சிடாதீங்க."

"நான் எங்க தூங்கப்போறேன்?"

"கூட்டேரிப்பட்டு தாண்டறதுக்குள்ள தூங்குவீங்க. அங்க வக்கீலு ஏதாச்சும் கேட்டு பதில் வரலைன்னா, பேசாம நில்லுங்க. உங்களுக்கு அதுதான் நல்லா வரும்."

பஸ் நகர்ந்தது. கூடவே இரண்டடி நடந்தாள். பிறகு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கையசைக்க வேண்டியவள் எதற்குத் தூணைப் பிடிக்கிறாள் என்று யோசித்தேன். என்னைப் பிரிகிற வருத்தம் என்று முடிவு செய்தேன். எதையும் எனக்குச் சாதகமாக முடிவு செய்வது என் வழக்கம்.

அவளுடைய இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. ஏழு வருடமாக. புதுச்சேரி டாக்டருக்குத் தெரியும். பக்கத்து வீட்டு தாஜுன்னிசாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் விழுப்புரம் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதற்கு? சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதும் ஏமாற்றுவேலைதான் என்று வாதாட.

இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்ல வேண்டும். அவள் சொல்லியிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள். என்னைப் பற்றி அவள் வேறு மாதிரி எதுவும் சொன்னதில்லை.

என் பெயர் ஆதிநாராயணன். தொழில், தராசு ரிப்பேர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. மற்றதெல்லாம் பழைய பேப்பர் கடைத் தராசை நேர் செய்துவிட்டு, கூலிக்குப் பதிலாக எடுத்துவந்த புத்தகங்களில் படித்தது. அட்டை கிழிந்த புத்தகங்கள். அதனால் என் அறிவுக்கும் முதல் பத்துப் பக்கம் இருக்காது.

என் மாமனாருக்கு மரக்காணம் சாலையில் மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை மொத்த வியாபாரம். அங்கே ஒருநாள் பெரிய தராசைச் சரிசெய்யப் போனேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கடைவாய்ப் பல்லில் வலி, வாயைத் திறந்தால் உயிர் போனது. அவருக்கு அது தெரியாது. "வாயே தொறக்காத பையன். இவன் பொய் சொல்லமாட்டான்" என்று வீட்டில் சொல்லிப் பெண்ணைக் கொடுத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் மௌனத்தைப் பார்த்து ஏமாந்த முதல் ஆள் அவர்தான். நுகர்வோர் சட்டம் அப்போது வந்திருக்கவில்லை.

அந்த மண்டியின் முன்சுவரில் மாட்டியிருந்ததுதான் பலகை. தினமும் விடிந்ததும் மாமனார் அன்றைய மூட்டை விலையை அதில் சாக்பீஸால் எழுதுவார். சாலையில் இருந்த எல்லா மண்டிக்கும் ஒரே சட்டம்: பலகையில் நிற்கிற விலைக்குச் சரக்கை எடுத்தே ஆக வேண்டும். முடியாதா, அழித்துவிட வேண்டும். அழிக்காமல் விட்டால் அது நேற்று எழுதியதாக இருந்தாலும் இன்றைய வாக்கு.

சாயங்காலம் பலகையை அழிப்பது விசாலாட்சியின் வேலை. அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருநாள் பாண்டி விளையாடப் போய் மறந்துவிட்டாள். மறுநாள் விலை சரிந்தது. ஓமந்தூரிலிருந்தும் கிளியனூரிலிருந்தும் வந்த வண்டிகள் வரிசையாக நின்றன. மாமனார் பலகையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், எல்லா மூட்டையையும் பழைய விலைக்கே எடுத்தார். அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. "திட்டியிருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன்" என்பாள்.

தொண்ணூற்று மூன்றில் மாமனார் காலமானார். மண்டியை மூடினார்கள். கட்டடம் அவளுடைய அண்ணனுக்குப் போயிற்று. இவள் பங்கு ரொக்கமாகக் கைக்கு வந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பணம்தான் எங்களுடைய பின்னாளுக்கு எல்லாம்.

"போஸ்டாபீஸ்ல போட்டுட்டு வாங்க" என்று கொடுத்தாள்.

நான் போஸ்டாபீஸ் வாசல் வரை போனேன். அங்கே நின்று ஒரு பெரிய தீர்மானம் எடுத்தேன். பணம் தூங்கக் கூடாது, உழைக்க வேண்டும் என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். இந்த வீட்டில் யாராவது ஒருவர் உழைக்கட்டுமே என்று தோன்றியது.

மாமனாரின் பழைய மண்டி முன்கூடத்தை அப்போது மெட்ராஸ் ஃபண்டு ஒன்று வாடகைக்கு எடுத்திருந்தது. பெயர் வேண்டாம், இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்க ஆளில்லை. ஊரார் பணத்தை வாங்கிப் பங்குச் சந்தையில் போடுவார்கள். எதில் போடுவது, எப்போது விற்பது என்று முடிவு செய்கிறவருக்கு ஃபண்டு மேனேஜர் என்று பெயர். அவர் மெட்ராஸில் இருந்தார். திண்டிவனம் கிளையில் இருந்தது ராம்கி. டை கட்டிய பையன், நல்ல பையன். நாம் பத்து ரூபாய்க்கு வாங்கிய யூனிட்டின் இன்றைய மதிப்பு என்னவென்று வாராவாரம் மெட்ராஸிலிருந்து போனில் சொல்வார்கள். ராம்கி எழுதிவைப்பான்.

எழுதப் புதுப் பலகை வாங்கவில்லை. சுவரில்தான் ஒன்று இருந்ததே.

திண்டிவனம் வட்டாரம் மொத்தமும் ஃபண்டில் போய் விழுந்தது இதனால்தான். சந்தை, பங்கு, யூனிட் எதுவும் யாருக்கும் புரியவில்லை. பலகை புரிந்தது. முப்பது வருடம் பொய் சொல்லாத பலகை. அதில் பதினொன்று என்றால் பதினொன்று. நானும் விசாலாட்சியின் பணத்தைக் கொண்டுபோய் அவளுடைய அப்பா பலகைக்குக் கீழேயே கட்டிவிட்டு வந்தேன். சொந்தத்துக்குள் பணம் என்று மனசுக்குச் சமாதானம் வேறு.

ஆனால் போஸ்டாபீஸில் போட்ட பணத்துக்கு மாதாமாதம் வட்டி வருமே? மாதம் பிறந்ததும் என் கடை வருமானத்திலிருந்து எடுத்து, 'வட்டி' என்று அவளிடம் நீட்டுவேன்.

"போஸ்டாபீஸ்ல கூட்டமா?"

"செம கூட்டம். நிக்க இடமில்ல."

"இன்னிக்கி ஞாயித்துக்கிழமையாச்சே?"

"..."

"ஸ்பெஷல் கவுண்டரா?"

"ஆமா. ஸ்பெஷல் கவுண்டரு."

"கவர்மெண்டு நல்லாத்தான் பண்ணிக்கினு இருக்குது" என்று முந்தானையில் முடிந்துகொள்வாள். நான் தப்பித்ததாக நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடத்திலிருந்து அவளுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. மாதம் ஒருமுறை தாஜுன்னிசாவோடு புதுச்சேரிக்குத் துணி எடுக்கப் போவாள். தாஜுன்னிசாவின் சொந்த ஊர் கோட்டக்குப்பம், புருஷன் துபாயில். இரண்டு பேரும் காலையில் போய் மத்தியானம் திரும்புவார்கள். வெறுங்கையோடு.

"இன்னா எடுத்தீங்க?"

"ஒண்ணும் புடிக்கலை."

இதை நான் ஊரெல்லாம் பெருமையடித்தேன். "ஏழு வருஷமா மாசாமாசம் பாண்டிச்சேரி கடைக்குப் போறா, ஒரு ரவிக்கைத் துணி வாங்கல. எவனுக்காவது இந்த மாதிரி பொண்டாட்டி அமையுமா?" கேட்டவர்கள் பொறாமையில் வாய் பேசாமல் நிற்பார்கள். பொறாமை என்றுதான் முடிவு செய்தேன்.

தொண்ணூற்று எட்டில் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்பா பணத்த எடுத்துக்கினு வாங்க."

"எதுக்கு?"

"ஒரு செலவு."

"இன்னா செலவு?"

"பெரிய செலவு."

"நகையா? இந்த வயசுல கழுத்துக்கா?"

கொஞ்சம் யோசித்தாள். "கழுத்துக்குக் கொஞ்சம் கீழ" என்றாள்.

டாலர் வைத்த நீளச் சங்கிலி என்று புரிந்துகொண்டேன். வால்வை மாற்றிவிடலாம், காலம் கடத்தாதீர்கள் என்று டாக்டர் சொன்ன வாரம் அது என்று எனக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

ஃபண்டு ஆபீஸுக்கு ஓடினேன். பலகையில் 14.20. நிம்மதியாக இருந்தது.

"ராம்கி, பணத்த எடுத்துக்கலாம்னு இருக்கேன்."

டீ வரவழைத்தான்.

"இன்னிக்கி ரேட்டு பதினாலு இருபதுதானே?"

மின்விசிறியைப் பார்த்தான்.

"பலகைல போட்டிருக்குதே, அதுதானே?"

டையைச் சரிசெய்தான். டீயை என் பக்கம் நகர்த்தினான். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அடக்கமான பையன் என்று முடிவு செய்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மெட்ராஸிலிருந்து பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. யூனிட் ஒன்றின் மதிப்பு மூன்று ரூபாய்ச் சொச்சம். அதையும் இப்போது தர இயலாது.

"பதினாலு இருபதுன்னியே ராம்கி!"

"நான் சொன்னேனா சார்?" அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. "போன ஆடியில எழுதினது சார் அது. அப்புறம் சர்ருனு எறங்கிடுச்சி. யாருக்கும் ஒண்ணும் சொல்லாதேன்னு மெட்ராஸ்ல சொல்லிட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லலை."

"அழிச்சாவது தொலைச்சிருக்கலாமே!"

"அழின்னும் சொல்லலையே சார்."

அன்று மத்தியானம் விசாலாட்சி முறத்தில் மல்லாட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனத்தை ஆரம்பித்தேன்.

"விசாலம், ஒரு விஷயம். கோவப்படக் கூடாது."

"போஸ்டாபீஸ் பணம் போஸ்டாபீஸ்ல இல்ல. அதானே?"

"உனக்கு எப்படி..."

"மொத வாரமே ராம்கி ஸ்வீட்டு குடுத்தான். 'அக்கா, சார் நம்மகிட்டதான் போட்டாரு'ன்னு."

"நாலு வருஷமாவா தெரியும்? ஏன் சொல்லலை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"மாசாமாசம் வட்டி வாங்கினியேடி!"

"குடுத்தீங்க, வாங்கினேன். சரி, எவ்வளோ தேறும்?"

சொன்னேன். அவள் கை முறத்திலேயே நின்றது. சங்கிலிக்காக வருத்தப்படுகிறாள் என்று பட்டது. நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

"பலகைல இன்னா இருக்குது?" என்றாள்.

"இன்னும் பதினாலு இருபதுதான்."

"அழிக்கலையா?"

"இல்ல."

எழுந்தாள். தாஜுன்னிசாவைக் கூப்பிட்டுக்கொண்டு மரக்காணம் சாலைக்குப் போனாள். "இது எங்கப்பன் பலகை" என்று சொல்லி ராம்கியின் கண்ணெதிரிலேயே சுவரிலிருந்து கழற்றினாளாம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மெட்ராஸிலிருந்து உத்தரவு வந்திருக்காது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனை பிடித்து, எழுத்தில் முந்தானை படாமல், பட்டப்பகலில் தெருவோடு தூக்கிவந்தார்கள். விசாலாட்சி வழியில் நின்று நின்று வந்தாள். பலகை கனம்போல என்று முடிவு செய்தேன்.

"கேஸு போடுங்க" என்றாள், உட்கார்ந்து மூச்சு வாங்கி. "ஜல்தி போடுங்க."

"இன்னா அவசரம்?"

பலகையில் எழுத்து கலைந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

நுகர்வோர் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் நாமே வழக்காடலாம். சட்டப் புத்தகத்தை விலை கொடுத்து வாங்கினேன், முதல் முறையாக அட்டையோடு. நேர்மையற்ற வியாபாரம் எது என்று அதில் போட்டிருந்தது: வாயால் சொன்ன பொய், எழுத்தில் சொன்ன பொய், கண்ணுக்குத் தெரியும்படி காட்டிய பொய். மூன்றுக்கும் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். என் எதிரி எதையுமே சொல்லவில்லை.

ஃபண்டு மேனேஜர் கையெழுத்திட்ட பிரமாண வாக்குமூலம் வந்தது. 'நான் எவரிடமும் பொய்யான தகவல் எதையும் கூறவில்லை. தகவல் எதையுமே கூறவில்லை.' இப்படி ஒரு உண்மையான வாக்குமூலத்தை நான் படித்ததில்லை. அவருடைய வக்கீல் அந்தோணிசாமி, தங்கமான மனிதர். வாய்தாவுக்குப் போனால் எனக்கும் சேர்த்து டீ சொல்வார். ஆனால் வாய்தா வாங்குவதை மட்டும் நிறுத்தமாட்டார்.

வீட்டுக்கு வந்தால் இவள் வாசலில் காத்திருப்பாள்.

"எப்ப முடியும்?"

"அடுத்த வாய்தாவுல."

"போன தடவையும் அதான சொன்னீங்க?"

"போன தடவை சொன்ன அடுத்தது இன்னிக்கி முடிஞ்சிடுச்சி. இது அதுக்கு அடுத்தது."

"நல்லா இருக்குது கதை. நான் இருக்கும்போதே முடியுமா?"

"உனக்கு இன்னா, குத்துக்கல்லாட்டம் இருக்கே."

"ஆமாமா" என்று அடுப்படிக்குப் போவாள்.

ஒரு வேடிக்கை. குட்டு வெளிப்பட்ட பிறகும் வட்டியை அவள் விடவில்லை.

"அதான் பொய்யின்னு தெரிஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு வட்டி?"

"பொய்யி உங்களுது. வட்டி என்னுது. எடுங்க."

கொடுத்தேன். மின்னணுத் தராசு வந்து என் தொழில் பாதியாகிவிட்ட பிறகும், கடையில் மதியம் டீ குடிப்பதை நிறுத்திவிட்டுக் கொடுத்தேன். இவ்வளவு கண்டிப்பான கடன்காரியை எந்தக் கோர்ட்டிலும் பார்த்ததில்லை என்று தாஜுன்னிசாவிடம் குறைபட்டேன். "குடுத்துடுங்க அண்ணே. பேஜாரு பண்ணாதீங்க" என்று மட்டும் சொன்னாள். வழக்கமாக எனக்குப் பரிந்து பேசுகிற பெண்.

கடைசியில் மாசி மாதத்தில் வாதத்துக்கு நாள் குறித்தார்கள். பஸ்ஸில் கூட்டேரிப்பட்டு தாண்டும் முன் தூங்கினேன். ஆனால் பலகைமேல் சாயவில்லை, சாமி படமென்று நினைத்தவர் மேல்தான் சாய்ந்தேன்.

விழுப்புரத்தில் ஒரு மாடியில் நீதிமன்றம். தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. பக்கத்தில் இரண்டு உறுப்பினர்கள், ஒருவர் பெண். அந்தோணிசாமி எழுந்தார்.

"கனம் தலைவர் அவர்களே, சந்தையில் ஏற்ற இறக்கம் உண்டு. அதை எங்கள் கட்சிக்காரர் மறுத்தாரா? இல்லை. பதினாலு இருபது தருவதாகச் சொன்னாரா? இல்லை. மனுதாரர் பணத்தை எடுக்கிற நாள்வரை நிலவரம் என்ன என்று மெட்ராஸுக்கு ஒரு வரி எழுதிக் கேட்டாரா? அதுவும் இல்லை. கேட்காதவரிடம் சொல்லாமலிருப்பது பொய்யாகுமா?"

என் முறை வந்தது. நான் பேசுவதை விடப் பலகை பேசட்டும் என்று புடவையைப் பிரித்து, பலகையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

அறையே சிரித்தது. தலைகீழாகப் பிடித்துவிட்டேனா என்று பயந்து எட்டிப் பார்த்தேன். தலைகீழ் இல்லை, பின்பக்கம். வீட்டில் சாக்பீஸ் இல்லாததால் வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து விரலால் கொட்டை கொட்டையாக விசாலாட்சி எழுதியிருந்தாள்:

'வரும்போது வெல்லம் அரை கிலோ. ஜல்தி வரவும்.'

"இது மனுதாரர் தரப்புச் சான்றா, மனைவி தரப்பு உத்தரவா?" என்றார் தலைவர்.

அந்தோணிசாமி விடவில்லை. "கனம் தலைவர் அவர்களே, இதுதான் என் வாதமும். மனுதாரரின் மனைவி சொல்ல நினைத்ததை எழுதியிருக்கிறார். எங்கள் கட்சிக்காரர் எழுதவில்லை. ஐயா ஆதிநாராயணன், ஒன்று கேட்கிறேன். உங்கள் மனைவி உங்களிடம் சொல்லாமல் விட்டதெல்லாம் உங்களை ஏமாற்றுவதாகுமா?"

"என் மனைவி என்கிட்ட சொல்லாம விட்டது எதுவும் கிடையாதுங்க."

"அவ்வளவு நிச்சயமா?"

"வெல்லம் வரைக்கும் சொல்றவங்க சார்."

மறுபடியும் சிரிப்பு. அந்தோணிசாமியும் சிரித்தார். என் வாழ்க்கையில் சபையில் நான் ஜெயித்த ஒரே பதில் அது. ஃபண்டு சங்கதியை நாலு வருடம் அவள் சொல்லாமல் இருந்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது என் பொய்யின் கணக்கு.

பிறகு பலகையைத் திருப்பினேன். 14.20. மரக்காணம் சாலைச் சட்டத்தைச் சொன்னேன். பத்து வயதுப் பெண் அழிக்க மறந்ததையும், அவளுடைய அப்பா அன்று முழுக்கப் பழைய விலைக்கு எடுத்ததையும் சொன்னேன். "எழுதினப்போ அது உண்மைதாங்க. மாறினதும் அழிச்சிருக்கணும். அழிக்காம வாய மூடிக்கினு இருந்தா, தெனமும் புதுசா ஒருதரம் எழுதின மாதிரிங்க" என்றேன். இது அவள் சொல்லிக்கொடுத்த வாக்கியம். சிரிப்பு நின்றிருந்தது. பெண் உறுப்பினர் எதையோ குறித்துக்கொண்டார். பலகையைச் சான்றாக வாங்கி வைத்துக்கொண்டு, தீர்ப்புக்குத் தள்ளிவைத்தார்கள்.

அந்த நேரத்தில்தான், திண்டிவனத்தில், வாசல்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

வெல்லம் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வந்து இறங்கினேன். பஸ் நிலையத்தில் தாஜுன்னிசா நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒரு தடவை எனக்குச் சாதகமாக முடிவு செய்ய எதுவும் கிடைக்கவில்லை.

சடங்குகளெல்லாம் முடிந்தபின் தாஜுன்னிசா வாசலில் வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். வால்வு. ஏழு வருடம். புதுச்சேரித் துணிக்கடை என்பது ஆஸ்பத்திரி. மூன்று வாரத்துக்கொரு ஊசி, தினமும் மாத்திரை. அதற்கெல்லாம் காசு, நான் கொடுத்த வட்டி. என் பொய்தான் அவளுடைய பொய்க்கு மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறது.

"ஆபரேசனுக்குத்தான் அந்தப் பணத்தக் கேட்டாங்க அண்ணே. பணம் போச்சுன்னு ஆனப்புறம், 'சொன்னா மனுசன் வீட்ட வித்துடுவாரு தாஜு. வித்து, வைத்தியம் பாத்து, நானும் போயிட்டேன்னா அவரு எங்க போயி படுப்பாரு? கேஸு ஜெயிக்கட்டும், அப்ப சொல்லிக்கலாம்'னு சொல்லிட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகப் பேசினேன்.

"ஏழு வருஷம் என்னை ஏமாத்தியிருக்கா!"

"அக்கா இன்னா அண்ணே பொய் சொன்னாங்க? நல்லா இருக்கேன்னு ஒரு நாளாச்சும் சொன்னாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். சொன்னதில்லை.

"ஒடம்பு எப்பிடி இருக்குன்னு நீங்க கேட்டீங்களா?"

அந்தோணிசாமிகூட இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. விசாலாட்சி பஸ்ஸடியில் சொல்லிக்கொடுத்தபடி, பேசாமல் நின்றேன்.

சித்திரையில் தீர்ப்பு வந்தது. ஜெயித்துவிட்டேன். பேசாமல் இருப்பது மட்டுமே குற்றமாகாது என்று எழுதியிருந்தார்கள். ஆனால், தான் காட்டிய ஒன்றை ஒருவர் நம்பிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும், அது மாறிவிட்டது என்று தெரிந்தும், அதை அப்படியே விட்டுவைத்து வாய்மூடியிருப்பது கண்ணுக்குத் தெரியும்படி சொன்ன பொய்தான் என்று எழுதியிருந்தார்கள். ஃபண்டு மேனேஜருக்காக எழுதிய வரி. நான் அதைப் படிக்கும்போது என் கண்முன் வந்தது டை கட்டியவர்கள் யாரும் இல்லை. தினமும் விடியலில் குனிந்து கோலம் போட்டுவிட்டு, நிமிரும்போது கதவைப் பிடித்துக்கொண்ட ஒருத்தி. அவளை எந்த நீதிமன்றத்துக்கு இழுப்பது? ஜெயித்தாலும் யாரிடம் வசூலிப்பது?

ஃபண்டு மேல்முறையீட்டுக்குப் போயிற்று. இழுத்து இழுத்து, இரண்டாயிரத்து ஆறில் பணம் முழுவதும் வந்தது. யூனிட்டுக்குப் பதினாலு இருபது, மேலே வட்டி. நேரே கொண்டுபோய்ப் போஸ்டாபீஸில் போட்டேன். இப்போது மாதாமாதம் நிஜமான வட்டி வருகிறது. நிஜமாகவே கூட்டம், நிற்க இடமில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் நம்புவதற்குத்தான் ஆளில்லை.

வழக்கு முடிந்ததால் சான்றைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். விழுப்புரம் போனேன். "ஒரே தூசியா இருந்துச்சி சார், ஈரத்துணி போட்டு சுத்தமா தொடைச்சி வெச்சிருக்கேன்" என்று அங்கிருந்த ஊழியர் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார். 14.20 போயிருந்தது. வீட்டில் மூன்று வருடம் அழியாமல் நான் காப்பாற்றியது. பின்பக்கத்தையும் துடைத்துப் பார்த்தாராம். சுண்ணாம்பு எழுத்து அழியவில்லை.

பலகையைச் சமையலறையில் பின்பக்கம் தெரியும்படி மாட்டியிருக்கிறேன். வரும்போது வெல்லம் அரை கிலோ, ஜல்தி வரவும் என்று இருக்கிறது.